பச்சையாகவே பழுத்த வாழைப்பழம்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுக்கிட்டே இருந்த விஷயம் இது. சித்தப்பா படிச்சா திட்டுவாரோன்னு தள்ளிப்போட்டேன். போன வாரம் அவர்கிட்டயே கேட்டுட்டேன். "எழுதிக்கோடா, என் பேரை மட்டும் போடாத" என்றார். அதனால் இது பேர் இல்லாத சித்தப்பாவின் கதை.

வெளியூர்க்காரங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் ஆயுத பூஜை என்றால் தீபாவளியை விடப் பெரிசு. கார் கம்பெனியில் இருந்து பஞ்சர் கடை வரைக்கும் மெஷினுக்குப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, ஆளுக்கு ஒரு பொரிப் பொட்டலம் கொடுப்பார்கள். பொரி, கடலை, இனிப்பு, கூடவே ஒரு வாழைப்பழம். ஒரு கம்பெனியில் இரண்டாயிரம் பேர் என்றால் இரண்டாயிரம் பழம். அத்தனையும் ஒரே நாளில், மஞ்சளாக, அடிபடாமல், சைஸ் ஒரே மாதிரி. இதைக் கேன்டீன் கான்ட்ராக்டர்கள் வழியாகச் சப்ளை செய்பவர்களில் எங்கள் சித்தப்பாவும் ஒருவர். பஜாரில் பழக்கடை. நோக்கியா ஓடிக்கொண்டிருந்த காலத்தில் ஷிஃப்ட் பஸ் நிற்கும் இடத்தில் தள்ளுவண்டி போட்டு ஆரம்பித்தவர். 2014 நவம்பரில் அந்த ஆலை நின்றபோது பாதி வியாபாரம் போச்சு. அப்புறம்தான் கேன்டீன் பக்கம் திரும்பினார்.

ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் வாழைப்பழம் விலை எப்படி ஏறும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2023இல் ஆயுத பூஜை அக்டோபர் 23, திங்கட்கிழமை. கம்பெனிகளில் வெள்ளி, சனியே பூஜை போட்டுவிடுவார்கள். சித்தப்பா ஒரு கணக்குப் போட்டார். அக்டோபர் 5ஆம் தேதி விலை குறைவாக இருக்கும்போதே பச்சைக் காயாக வாங்கி, பத்து நாள் கோல்டு ஸ்டோரேஜில் வைத்து, 15ஆம் தேதி எடுத்துப் பழுக்கவைத்தால் 20ஆம் தேதிக்கு மஞ்சள் பழம் ரெடி. பி.காம். படிக்கிற நானும் "சூப்பர் சித்தப்பா, இதுக்குப் பேருதான் டைம் யுடிலிட்டி" என்று ஏற்றிவிட்டேன். (பாடப் புத்தகத்தில் படித்ததை எங்கேயாவது சொல்ல வேண்டுமே!)

கோல்டு ஸ்டோரேஜ் ஆசை அவருக்கு 2020இலேயே வந்தது. அந்த மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு மார்க்கெட்டை மூடி, காய்கறியைத் திருமழிசைக்கும் பழத்தை மாதவரத்துக்கும் மாற்றினார்கள். காய்கறிக் கடைக்காரர்களுக்கு மார்க்கெட் வீட்டு வாசலுக்கே வந்த மாதிரி. பழக்காரர் இவருக்கோ அலைச்சல். வாரத்தில் இரண்டு தடவைதான் போக முடிந்தது. வாங்கினதில் பாதி கடையிலேயே கறுத்துப்போனது. "ஒரு ஏசி ரூம் இருந்திருந்தா..." என்று அப்போது ஆரம்பித்த புலம்பல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜி9 ரகம், நல்ல முற்றின பச்சைக் காய், 80 க்ரேட், க்ரேட்டுக்கு 20 கிலோ. கிலோ 21 ரூபாய். மொத்தம் 33,600. ஒரகடம் பக்கம் ஒரு கோல்டு ஸ்டோரேஜில் 13 டிகிரி அறையில் இடம் பிடித்தார். ஏற்றுமதிக்காரர்கள் வாழைக்காயைப் பிளாஸ்டிக் கவருக்குள் வைத்து அனுப்புகிறார்கள், அதனால்தான் கப்பலில் போய்ச் சேரும்வரை கெடுவதில்லை என்று கோயம்பேட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். உடனே இவர் நல்ல கனமான கவராகப் பார்த்து வாங்கி, ஒவ்வொரு க்ரேட்டிலும் கவர் விரித்து, காயை அடுக்கி, வாயை முறுக்கி ரப்பர் பேண்டு போட்டுவிட்டார். காற்று கொஞ்சமும் போகக் கூடாதாம். பொட்டலம் கட்டினதில் எனக்கும் பங்கு உண்டு. ரப்பர் பேண்டை இரண்டு சுற்று சுற்றினது நான்தான்.

15ஆம் தேதி எடுத்தோம். பார்க்க அட்டகாசமான பச்சை. கவரைப் பிரித்ததும் ஒரு வாசனை. அழுகல் நாற்றம் இல்லை, கள்ளுக்கடைப் பக்கம் நடந்தால் வருமே, அந்த மாதிரி. விரலால் அமுக்கினால் காய் மாதிரி இல்லாமல் லேசாக உள்ளே போகிறது. பழுக்கவைக்கும் அறைக்காரர் முகம் சுளித்தார். இருந்தாலும் எத்திலீன் வாயு விட்டுப் பார்க்கலாம் என்றார். 19ஆம் தேதி காலையில் போன் வந்தது. 80 க்ரேட்டில் 9 மட்டும் மஞ்சளாகியிருந்தது. மிச்சம் 71 க்ரேட் பச்சையாகவே இருந்தது, ஆனால் உள்ளே கூழ். தோலை உரித்தால் புளித்த வாடை. பச்சையாகவே பழுத்து, பச்சையாகவே கெட்டுப்போயிருந்தது.

71 க்ரேட் என்றால் 1,420 கிலோ. வாங்கின விலையில் 29,820 ரூபாய். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஆர்டர் எடுத்தாச்சே! மறுநாள் சப்ளை. கோயம்பேட்டுக்கு ஓடி, பழுத்த பழமாகக் கிலோ 38 ரூபாய்க்கு அதே 1,420 கிலோ வாங்கினார். 53,960. அந்த வருஷம் சித்தப்பா வீட்டில் தீபாவளிக்குத் துணி எடுக்கவில்லை. இதுக்கு மேல் எழுதினால் நிச்சயம் திட்டுவார்.

சித்தப்பாவுக்குச் சந்தேகமே இல்லை. தப்பு கோல்டு ஸ்டோரேஜ் மேல்தான். "ராத்திரி கரெண்டை அணைச்சு வெச்சிருப்பானுங்க, எனக்குத் தெரியாதா" என்றார். வாடகை தரமாட்டேன், நஷ்ட ஈடு வேணும் என்று ஒரே பிடி. கடிதம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. செகண்ட் இயர் பிசினஸ் லா நோட்டை எடுத்தேன். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 151: இன்னொருவர் பொருளைத் தன்னிடம் வாங்கி வைத்திருப்பவர், சாதாரண விவேகம் உள்ள மனிதர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அந்த அளவு கவனம் எடுக்க வேண்டும். இதை வைத்து ஒரு பக்கத்துக்கு வீராவேசமாக எழுதினேன். வாழ்க்கையில் முதல் முறையாகச் சட்டப் பிரிவு எண் போட்டு ஒரு கடிதம்! பெருமை வேறு.

கடிதத்தோடு நேரில் போனோம். அங்கே இருந்த சூப்பர்வைசர் சண்டை போடவில்லை. கம்ப்யூட்டரைத் திருப்பிப் பத்து நாள் வெப்பநிலைப் பதிவைக் காட்டினார். 13க்கும் 14க்கும் நடுவில் நேர்கோடு மாதிரி போயிருந்தது. அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். "அண்ணே, அந்த நல்லா இருந்த ஒம்போது க்ரேட் எதுங்க?"

அது எங்களுக்கும் தெரியும். அடுக்கும்போது லோடுமேன் கொக்கி பட்டுக் கவர் கிழிந்த க்ரேட்டுகள். சித்தப்பா அன்றைக்கு அந்த ஆளைத் திட்டின திட்டு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கிழிந்தது பிழைத்தது, கிழியாதது செத்தது. திரும்பி வரும்போது பைக்கில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று ராத்திரி பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் படிக்கிற என் நண்பனுக்குப் போன் போட்டேன். (அது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் கல்லூரி. வாழைக்குப் பேர்போன தேனி மாவட்டத்திலேயே இருக்கிறது.) அவன் சிரித்தான். அப்புறம் ஒரு மணி நேரம் பேசினான். அதுக்கப்புறம் நான் தேடிப் படித்தது தனி. காமர்ஸ்காரனுக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

மரத்தில் இருந்து வெட்டின பிறகும் காய் உயிரோடுதான் இருக்கிறது. ஆக்சிஜனை எடுத்து, கார்பன் டை ஆக்சைடை விட்டு, தன்னிடம் உள்ள மாவையும் சர்க்கரையையும் எரித்துக்கொண்டே இருக்கும். எவ்வளவு வேகமாக மூச்சு விடுகிறதோ அவ்வளவு வேகமாக ஆயுசு குறையும். குளிரில் வைத்தால் மூச்சு மெதுவாகும். ஆனால் வாழைக்கு 13 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, போனால் தோல் கறுத்துவிடும். குளிரால் செய்ய முடிவது அவ்வளவுதான் என்கிறபோது, அடுத்த வழி காற்றை மாற்றுவது. நம் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். அதை 2 முதல் 5 சதவீதத்துக்குக் குறைத்து, கார்பன் டை ஆக்சைடை 2 முதல் 5 சதவீதத்துக்கு ஏற்றினால், பச்சை வாழைக்காய் 14 டிகிரியில் நாலு முதல் ஆறு வாரம் வரை பழுக்காமல் இருக்கும். சாதாரணக் காற்றில் இரண்டு முதல் நாலு வாரம்தான்.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பழம் பழுப்பதில்லை என்று பிரான்சில் பெரார் என்பவர் 1821இலேயே எழுதிவிட்டார். நூறு வருஷம் கழித்து கேம்பிரிட்ஜில் கிட், வெஸ்ட் என்ற இரண்டு பேர் ஆப்பிளை வைத்து இதை முழுசாகச் சோதித்தார்கள். அவர்களுடைய அறிக்கை 1927இல் வந்தது, 1929இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் முதல் வியாபாரக் கிடங்கு வந்துவிட்டது. இன்று சிம்லா பக்கம் ஆகஸ்ட், செப்டம்பரில் பறித்த ஆப்பிளை இப்படிப்பட்ட அறைகளில்தான் மாதக்கணக்கில் வைக்கிறார்கள். உள்ளே ஆக்சிஜன் இரண்டு சதவீதம் அளவுக்கே இருப்பதால் முகமூடி இல்லாமல் நுழைந்தால் ஆள் காலி. ஏப்ரல் மாதம் எங்கள் கடையில் "ஆப்பிள் புதுசாப்பா?" என்று கேட்பவரிடம் சித்தப்பா "நேத்து வந்தது சார்" என்பார். பொய் இல்லை, நேற்றுதான் வந்தது :-)

அந்த அறையில் மெஷின் வைத்துச் செய்வதை ஒரு சாதாரணக் கவர் செய்துவிடும் என்பதுதான் இதில் அழகே. கவருக்குள் காய் மூச்சு விட விட, ஆக்சிஜன் தானாகக் குறையும், கார்பன் டை ஆக்சைடு தானாக ஏறும். பாலித்தீன் கண்ணுக்குத் தெரியாத அளவில் வாயுவை உள்ளே வெளியே விடக்கூடியது. அதிலும் ஆக்சிஜனை விடக் கார்பன் டை ஆக்சைடை மூன்று நாலு மடங்கு வேகமாக விடும். காய் எடுக்கும் வேகமும் கவர் விடும் வேகமும் எங்கேயோ ஓர் இடத்தில் சமமாகும். அந்தச் சமநிலை சரியான அளவில் வந்து நின்றால் காய் அரைத் தூக்கத்தில் கிடக்கும். 1960களில் அமெரிக்க வாழைப்பழக் கம்பெனிக்காரர்கள் இதற்கென்று கவரே தயாரித்து, பனாவேக் என்று பேர் வைத்துக் கப்பலில் அனுப்பினார்கள். அந்தக் கவரின் கனம் சுமார் 40 மைக்ரான்.

நாங்கள் வாங்கினது 100 மைக்ரானுக்கு மேல். கனமாக இருந்தால் நல்ல கவர் என்பது எங்கள் பஜார் புத்தி.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். க்ரேட் கவருக்குள் காய் போகக் காற்று ஒரு இருபது லிட்டர் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஆக்சிஜன் சுமார் 4 லிட்டர். பச்சை வாழைக்காய் கிலோவுக்கு மணிக்கு 13 டிகிரியில் சுமார் 10 மில்லி, 20 டிகிரியில் சுமார் 20 மில்லி கார்பன் டை ஆக்சைடு விடும், கிட்டத்தட்ட அதே அளவு ஆக்சிஜனை எடுக்கும். 20 கிலோவுக்கு 13 டிகிரியில் மணிக்கு 200 மில்லி. இருபது மணி நேரத்தில் கவர் காலி. 20 டிகிரியில் பத்தே மணி நேரம். நாங்கள் கட்டினதோ அக்டோபர் வெயிலில், கடை வாசலில், காயைக் குளிர வைக்காமலே! கட்டின க்ரேட்டுகளை நெருக்கி அடுக்கியும் விட்டோம், நடுவில் குளிர்காற்று போக வழியில்லை. அறை 13 டிகிரி என்று கம்ப்யூட்டர் சொன்னது சரிதான். காயின் உள்ளே 13க்கு வர எத்தனை நாள் ஆச்சோ! சூடு பத்து டிகிரி ஏறினால் காயின் மூச்சு இரண்டு மூன்று மடங்கு ஏறும், கவர் வாயுவை விடும் வேகம் அந்த அளவுக்கு ஏறாது. அதனால் குளிரில் சரியாக இருக்கிற கவர்கூட வெயிலில் கழுத்தை நெரித்துவிடும். வண்டி ஒரகடம் ஜங்ஷனில் ஒரு மணி நேரம் நின்றாலே போதும் என்றான் நண்பன்.

ஆக்சிஜன் ஒரு சதவீதத்துக்குக் கீழே போனதும் காய் வேறு வழியில்லாமல் ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைக்கிறது. அதில் வருவது ஆல்கஹால். கள்ளு வாசனை அதுதான். கார்பன் டை ஆக்சைடு 7 சதவீதத்துக்கு மேல் போனால் தோல் பச்சையாகவே இருக்க உள்ளே மட்டும் மெத்தென்று ஆகிவிடும். எங்கள் 71 க்ரேட்டும் அதேதான்.

இதில் எனக்கு ரொம்ப நாள் புரியாமல் இருந்த ஒன்று உண்டு. எங்கள் பாட்டி மாங்காயை அரிசிப் பானைக்குள் போட்டு மூடி வைப்பார். பழுத்துவிடும். வாழைத்தாரைக் குழியில் வைத்து, வாழைச் சருகு போட்டு, புகை மூட்டம் போட்டு மண்ணால் மூடுவார்கள். பழுத்துவிடும். மூடினால் பழுக்கும் என்பதுதானே பரம்பரை அறிவு? அப்படியானால் கவரைக் கட்டினால் ஏன் பழுக்கவில்லை? பதில் எத்திலீனில் இருக்கிறது. பழம் தானே எத்திலீன் என்ற வாயுவை உண்டாக்குகிறது என்று 1934இல் கேன் என்பவர் நிரூபித்தார். அரிசிப் பானை அந்த வாயுவைத் தேக்கி வைக்கும், ஆனால் ஆக்சிஜன் தீரும் அளவுக்கு இறுக்கம் கிடையாது. புகையிலும் எத்திலீன் உண்டு. பாட்டியிடம் கேட்டபோது "ஒரு ராத்திரி ஒரு பகல்தான், அப்புறம் மூட்டத்தைப் பிரிச்சுடணும், இல்லேன்னா வெந்து போயிடும்" என்றார். எத்திலீன் உண்டாகவும் வேலை செய்யவும் ஆக்சிஜன் வேணும், கார்பன் டை ஆக்சைடு அதிகமானால் எத்திலீன் வேலையே செய்யாது. எங்கள் கவரில் இரண்டு பக்கமும் அடி. இன்றைய பழுக்கவைக்கும் அறையிலும், உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் அனுமதித்த 100 பிபிஎம் வரையிலான எத்திலீனை விட்டுவிட்டு, அவ்வப்போது கதவைத் திறந்து காற்றை மாற்றுகிறார்கள். பாட்டி மூட்டத்தைப் பிரித்ததும் இதுவும் ஒன்றுதான். (கார்பைடு கல் வைப்பது 2011 விதிப்படி தடை. அதைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரை ஆகும், பஜாரில் சில பேர் என்னோடு பேசமாட்டார்கள்.)

கடிதம் விஷயம் என்ன ஆச்சு? பிரிவு 151ஐ மட்டும் பார்த்த நான் அதற்கு அடுத்த 152ஐப் பார்க்கவில்லை. உரிய கவனம் எடுத்திருந்தால், தனி ஒப்பந்தம் இல்லாத வரையில், பொருள் கெட்டதற்கு வைத்திருந்தவர் பொறுப்பில்லை. முன்னாடி உள்ள 150 இன்னும் மோசம்: ஒப்படைக்கிற பொருளில் தனக்குத் தெரிந்த குறையை ஒப்படைப்பவர்தான் சொல்ல வேண்டும். எங்களுக்கே தெரியாத குறையை எங்கே சொல்வது என்பது வேறு விஷயம். சித்தப்பாவிடம் சொன்னேன். ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தார், என் மேல்தான், கடிதம் எழுதினதே தப்பு என்கிற மாதிரி. அப்புறம் போய் வாடகையைக் கட்டிவிட்டு வந்தார்.

கணக்கில் இதை எப்படி எழுதுவது என்பது என் பிரச்சினை. கன்சைன்மென்ட் கணக்கில் இயல்பான இழப்பு, அசாதாரண இழப்பு என்று இரண்டு உண்டு. பழம் கொஞ்சம் வாடும், அழுகும். அது இயல்பு, மிச்சப் பழத்தின் விலையில் ஏற்றிவிடலாம். நம் நாட்டில் வாழைக்கு அறுவடைக்குப் பிந்தைய இழப்பு 7.76 சதவீதம், மாம்பழத்துக்கு 9.16, கொய்யாவுக்கு 15.88 என்று லூதியானாவில் உள்ள மத்திய அறுவடைப் பின்சார் நிறுவனம் 2015இல் அறிக்கை கொடுத்தது. அந்தக் கணக்கில் எங்களுக்கு 80இல் 6 க்ரேட் போயிருந்தால் இயல்பு. 71 போனது நேராக லாப நஷ்டக் கணக்கு. பரீட்சையில் இந்தக் கணக்கை ஐந்து மார்க்குக்கு எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன். அதில் வரும் பழங்கள் எல்லாம் "வழியில் கெட்டுவிட்டன" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். ஏன் கெட்டது என்று எந்த வாத்தியாரும் கேட்டதில்லை.

2024இல் மறுபடி முயற்சி செய்தோம். சித்தப்பா 10 க்ரேட்டுக்கு மேல் ஒத்துக்கொள்ளவில்லை. 40 மைக்ரான் கவர். காயை ஒரு ராத்திரி கவர் இல்லாமல் குளிர் அறையில் விட்டு, காலையில் கவர் கட்டினோம். அடுக்கும்போது நடுவில் கை நுழையும் அளவு இடைவெளி. ஆஸ்திரேலியாவில் 1970இல் செய்து பார்த்த வித்தை ஒன்றையும் நண்பன் சொன்னான்: எத்திலீனை உறிஞ்சப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஊறின பொருளைச் சின்னப் பையில் போட்டுக் கவருக்குள் வைப்பது. "சாப்பிடுற பொருள் பக்கத்துல மருந்தா?" என்று சித்தப்பா மறுத்துவிட்டார். காயில் படாமல் தனிப் பையில்தான் இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து எடுத்ததில் ஒன்பது க்ரேட் நன்றாக மஞ்சளானது. ஒன்றில் கவருக்குள் நீர் முத்து முத்தாகக் கோத்து, சீப்புக் காம்பில் வெள்ளைப் பூஞ்சை. அதற்குக் கவரில் ஊசி ஓட்டை போட வேண்டுமாம். எத்தனை ஓட்டை, எந்த அளவில் என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும். வாடகை, கவர், வண்டி எல்லாம் போகக் கிலோவுக்கு நாலு ரூபாய் நின்றது. இதற்கு இவ்வளவு பாடா என்றால், 1,600 கிலோ என்று பெருக்கிப் பாருங்கள்.

பழைய கனமான கவரில் ஒரு கட்டு மிச்சம் இருந்தது. மழை நாளில் சித்தப்பா அதைத்தான் டிவிஎஸ் எக்ஸ்எல் சீட்டு மேல் மாட்டுகிறார். தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போவதில்லை.